கழற்றி முடித்துவிட்டேன், செல்வா

கவென்ட்ரி
ஞாயிறு இரவு

அன்புள்ள செல்வா,

பழைய காரைக் கழற்றி, அதன் பாகங்களை வைத்து வீட்டிலேயே ஒரு சின்னக் கார் கட்டுகிற வேலையை ஆரம்பிக்கப் போகிறேன் என்று மட்டும் போன மாதம் போனில் சொன்னேன். நேற்று மாலையோடு பாதி வேலை முடிந்துவிட்டது. முடிந்தது கழற்றுகிற பாதி. கராஜில் நின்ற காரின் கூடு இப்போது வெளியே தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது. எஞ்சின், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், நான்கு சக்கரம் எல்லாம் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு உள்ளே தரையில் நிற்கின்றன. ராத்திரி சாப்பிட்டபிறகும் ஒருமுறை விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். உன்னிடம் சொல்லாமல் தூங்க மனமில்லை.

கரிவரதன் மாருதி 800 எஞ்சினை எடுத்து ஒற்றை சீட்டு ரேஸ் கார் கட்டிய காலத்தில் நாம் பாலிடெக்னிக்கில் இருந்தோம். ரோட்டில் காய்கறி வாங்கப் போகிற வண்டியின் எஞ்சின், ரேஸ் காரின் முதுகில் ஏறி உட்காரும் என்பதை கோயம்புத்தூரிலேயே ஒருவர் செய்து காட்டினார். அவர் 1995இல் போய்ச் சேர்ந்த செய்தி வந்த அன்று உன் அப்பா பட்டறையை மதியமே மூடியது நினைவிருக்கிறதா? நாமும் ஒன்று கட்டுவோம் என்று அன்றைக்குத்தான் பேசினோம். முப்பது வருடம் ஆகிவிட்டது.

இங்கிலாந்தில் அதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது. லோட்டஸ் கம்பெனி 1957இல் 'செவன்' என்ற சின்னக் காரைக் கொண்டுவந்தது. முழுக் காராக வாங்கினால் பர்ச்சேஸ் டாக்ஸ் உண்டு. உதிரியாக வாங்கி வீட்டில் மாட்டிக்கொண்டால் கிடையாது. அதனால் பெட்டி பெட்டியாக வாங்கிப் போய் மாட்டினார்கள். உதிரியோடு 'எப்படி மாட்டுவது' என்ற குறிப்பைக் கொடுக்கச் சட்டம் இடம் தராததால், 'எப்படிக் கழற்றுவது' என்று எழுதிக் கொடுத்தார்களாம். அதைக் கடைசியிலிருந்து முதலுக்குப் படித்தால் கார் தயார். கட்டுகிறவர்கள் எல்லோரும் சொல்கிற கதை இது. 1973இல் வாட் வரி வந்ததும் அந்தச் சலுகை போய்விட்டது. கட்டுகிற பழக்கம் மட்டும் போகவில்லை.

நான் எடுத்திருப்பது எக்ஸோசெட் கிட். இரும்புக் குழாய் சேஸிஸும் கொஞ்சம் பாடித் தகடும்தான் அவர்கள் தருவது. மற்ற எல்லாவற்றையும் ஒரே ஒரு மஸ்டா எம்எக்ஸ்-5இலிருந்து எடுக்க வேண்டும். அந்த வண்டியை இங்கே டோனர் என்கிறார்கள். உறுப்பு தானம் கொடுப்பவருக்குச் சொல்கிற அதே வார்த்தைதான்.

டோனர் தேடுவதற்கே ஐந்து மாதம் ஆனது. விபத்தில் நொறுங்கியது, வருடக்கணக்கில் தோட்டத்தில் நின்றது என்று மலிவாக நிறையக் கிடைக்கிறது. நான் தொடவில்லை. "ஓடுகிற வண்டியைத்தான் பிரிக்கணும், ஓடாத வண்டி பொய் சொல்லும்" என்று உன் அப்பா சொல்வாரே, அது காதில் இருந்தது. கடைசியில் 1996ஆம் வருட 1.8 ஒன்று கிடைத்தது. எஞ்சின் அருமை. ஆனால் கதவுக்குக் கீழே ஓடும் சில் முழுக்கத் துரு. இந்த மாடலுக்கே உள்ள வியாதி அது. துணிக்கூரையில் விழும் மழை சீட்டுக்குப் பின்னால் ஒரு குழாய் வழியாக இறங்கிப் போகும். அதில் இலை அடைத்துக்கொண்டால் தண்ணீர் பின்சக்கரத்துக்கு முன்னால் சில்லுக்குள் தேங்கி, உள்ளிருந்தே அரித்துவிடும். வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானதா என்று பார்க்க இங்கே வருடா வருடம் எம்.ஓ.டி. சோதனை உண்டு. அடுத்த சோதனையில் தேறாது என்று தெரிந்துதான் அந்த மனிதர் விற்றார், மறைக்காமலும் சொன்னார். எனக்கு அதுதான் வேண்டும். அந்தக் காரைச் சாகடிக்கிற நோய் எனக்குத் தேவையில்லாத பாகத்தில் இருந்தது. கூடு எப்படியும் பழைய இரும்புக்குத்தான் போகப் போகிறது.

சோதனைக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்ததால் மூன்று வாரம் தினமும் அதில்தான் வேலைக்குப் போனேன். குளிரில் இரண்டாவது கியர் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது, சூடானால் சரியாகிவிடுகிறது. இடது முன்சக்கரத்தில் பேரிங் ஊளையிடுகிறது. பிரேக் போட்டால் வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகவில்லை. எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைத்தேன். புது வண்டியாகக் கட்டி முடித்தபிறகு ஒரு சத்தம் வந்தால், அது பழையதா நான் செய்த தப்பா என்று அந்த நோட்டு சொல்லும்.

ஒன்று சொல்லவேண்டும் செல்வா. கடைசி நாள் அதைக் கராஜுக்குள் விட்டு சாவியைத் திருப்பி நிறுத்தியபோது கஷ்டமாக இருந்தது. நன்றாக ஓடுகிற வண்டி. கொஞ்ச நேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.

பேட்டரி இதில் டிக்கியில் இருக்கிறது. முதலில் அதைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, மிச்ச மின்சாரம் அடங்கட்டும் என்று ஏர்பேக் பக்கம் அன்றைக்குப் போகவே இல்லை. அடுத்தது பெட்ரோல், கூலன்ட், பிரேக் ஆயில். அப்புறம் சீட்டு, கார்ப்பெட், டேஷ்போர்டு. முதல் நாள் போல்ட்டையெல்லாம் ஒரே தட்டில் போட்டுவிட்டேன். சாயங்காலம் பார்த்தால் எது எங்கே இருந்தது என்று பாதிக்குத் தெரியவில்லை. மறுநாள் காலை வேறு வேலை எதுவும் செய்யாமல், ஒவ்வொன்றாக ஓட்டையில் வைத்துப் பார்த்துப் பிரித்து, சின்னச் சின்ன கவரில் போட்டு எழுதி ஒட்டினேன். உங்கள் பட்டறையில் வரிசையாக ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்குமே, அதன் அருமை அன்றைக்குத் தெரிந்தது.

வயரிங்குக்கு மட்டும் நான்கு நாள் ஆனது. இந்த வேலையில் ஆட்கள் கைவிட்டு ஓடுவது இங்கேதான் என்று நினைக்கிறேன். அவசரத்தில் ஒரு வயரை வெட்டினால், ஆறு மாதம் கழித்து இண்டிகேட்டர் எரியாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு இடத்தில்கூட நான் வெட்டவில்லை. ஒவ்வொரு கனெக்டரிலும் டேப் ஒட்டி, அது எதற்குப் போகிறது என்று எழுதி, கழற்றுவதற்கு முன்பும் பின்பும் படம் எடுத்தேன். லூம் என்கிற அந்த வயர்க் கட்டு முழுவதையும் ஒரே துண்டாக எடுத்தாயிற்று. கராஜ் சுவரில் மாட்டி வைத்திருக்கிறேன்.

பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ் ஆர்மில் ஒரு நீள போல்ட் இருக்கிறது. சக்கரக் கோணத்தைச் சரிசெய்வதே அதை வைத்துத்தான். இத்தனை வருடத்தில் அது ரப்பர் புஷ்ஷுக்குள் இருக்கிற இரும்புக் குழாயோடு ஒட்டிப்போயிருந்தது. மூன்று ராத்திரி எண்ணெய் ஊற்றினேன், சூடு காட்டினேன், அடித்தேன். அசையவில்லை. கடைசியில் இரண்டு பக்கமும் அறுத்துத்தான் எடுத்தேன். சரி, புஷ்ஷை எப்படியும் மாற்றத்தான் வேண்டும்.

நேற்றுதான் பெரிய நாள். இந்த வண்டியில் கியர்பாக்ஸையும் டிஃபரன்ஷியலையும் நீளமான ஒரு அலுமினியச் சட்டம் இணைக்கிறது. அதைக் கழற்றாமல் விட்டால் முன்னும் பின்னும் ஒரே உடம்பாக நிற்கும். எஞ்சினையும் சக்கரங்களையும் கூட்டோடு பிடித்திருக்கும் சப்ஃப்ரேம் சட்டங்களின் போல்ட்டுகளை எடுத்துவிட்டு ஆறு பேர் கூட்டைத் தூக்கிப் பிடித்தோம்: நான், பக்கத்து வீட்டுக்காரர், மகன், அவன் கூட்டாளிகள் மூன்று பேர். கவிதா ஸ்டீயரிங் ராக் பக்கம் ஏதாவது சிக்குகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தாள். சிக்கியது, ஹேண்ட்பிரேக் கேபிளை மறந்திருந்தேன். இறக்கி, அதை எடுத்துவிட்டு மறுபடி தூக்கினோம். உள்ளே இருந்ததெல்லாம் பின்பக்கமாக உருண்டு வெளியே வந்தது. கதவு இல்லை, கூரை இல்லை, எஞ்சினும் சக்கரமும்தான். மகன் இரண்டு நிமிடம் பேசவே இல்லை. "அப்பா, கார் என்பது இவ்வளவுதானா?" என்றான். இவ்வளவுதான். நாம் பார்க்கிற மற்ற எல்லாம் அதன் மேல் போர்த்திய சட்டை. எடையில் 200, 300 கிலோ அந்தச் சட்டையோடு போய்விடும்.

கட்டிய பிறகு ஐ.வி.ஏ. என்று ஒரு சோதனை இருக்கிறது. ஒவ்வொரு வண்டியையும் அதிகாரி தனியாகப் பார்ப்பார். வெளியே கை படுகிற விளிம்பு எதுவும் கூராக இருக்கக் கூடாது, குறைந்தது 2.5 மில்லிமீட்டர் ஆரத்துக்கு வளைந்திருக்க வேண்டும். வளைவில் திரும்பியபின் கையை எடுத்தால் ஸ்டீயரிங் தானாக நேராக வரவேண்டும். லேசான வண்டிகள் பலவும் இந்த இடத்தில்தான் தோற்கின்றன. நம்பர் பிளேட்டுக்குத் தனிக் கணக்கு. டோனரின் முக்கிய பாகங்கள் இன்னதென்று நிரூபித்தால் அதன் வயதுக்கு ஏற்ற எண் தருவார்கள். முடியாவிட்டால், வயது தெரியாத வண்டி என்று காட்டும் 'கியூ' எழுத்தில் தொடங்கும் எண். அதனால் பழைய பதிவுப் புத்தகத்தையும் ரசீதுகளையும் எஞ்சின் நம்பர் படத்தையும் ஒரே ஃபைலில் வைத்திருக்கிறேன். நம் ஊரில் 2019 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு வண்டியின் அடிப்படை அமைப்பையே தொட முடியாது என்று நீ வருத்தப்பட்டாயே, இங்கே தொடலாம், ஆனால் தொட்டதற்கெல்லாம் கணக்குக் காட்ட வேண்டும். எனக்கு அது நியாயமாகத்தான் படுகிறது.

கதவு, கண்ணாடி, அலுமினிய பானெட், சீட்டு எல்லாவற்றுக்கும் இங்கே கேட்க ஆள் இருக்கிறார்கள். விற்றால் டோனருக்குக் கொடுத்த காசில் பெரும்பகுதி திரும்பிவிடும். கவிதா அதற்கு ஒரு கணக்கு நோட்டே போட்டுவிட்டாள்.

சேஸிஸ் வர இன்னும் ஆறு வாரம் ஆகும். அதற்குள் உன்னிடம் ஒரு உதவி வேண்டும். பவர் விண்டோ, எழுந்து நிற்கிற ஹெட்லைட் மோட்டார், ஏர்பேக் எதுவும் புது வண்டியில் கிடையாது. அந்த வயர்களை லூமிலிருந்து இப்போதே பிரித்து எடுத்துவிடலாம் என்கிறார்கள் சிலர். எஞ்சின் ஸ்டார்ட் ஆகிற வரை எதையும் தொடாதே என்று என் மனசு சொல்கிறது. இருபத்தைந்து வருடம் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறவன் நீ. நாளைக்கு முழு லூமையும் படம் எடுத்து அனுப்புகிறேன், ஏர்பேக்கின் மஞ்சள் கனெக்டர்களைத் தனியாக. பார்த்துவிட்டு எதை எப்போது எடுக்கலாம் என்று சொல். நீ சொல்லும்வரை சுவரிலிருந்து இறக்கமாட்டேன்.

அப்பாவுக்கு அந்த உருண்டு வந்த படத்தைக் காட்டு. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

உன்,
மணி