வெறும் கம்பியைக் கொடுங்கள், மாஸ்டர்

பாலக்காட்டின் தமிழக எல்லையோரம் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் வட்டாரத்தில் ஜிம் நடத்தும் மாஸ்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை என் அக்கா மகன் தன் போனைக் காட்டினான். பிளஸ் டூ முடித்தவன், 52 கிலோ. புதிதாகச் சேர்ந்த ஜிம்மில் கொடுத்த அட்டவணை அதில் இருந்தது. திங்கள் செஸ்ட் (மார்பு), செவ்வாய் பேக் (முதுகு), புதன் ஷோல்டர் (தோள்), வியாழன் கை, வெள்ளி கால், சனிக்கிழமை மறுபடியும் செஸ்ட். செஸ்டுக்கு மட்டும் ஆறு வகை, ஒவ்வொன்றிலும் நாலு செட். இரண்டே நாள்தான் போயிருக்கிறான், கையைத் தலைக்கு மேல் தூக்கிச் சட்டையைக் கழற்ற முடியவில்லை. அக்காதான் கழற்றிவிட்டாள். மேசைமேல் மூன்று கிலோ மாஸ் கெய்னர் டப்பா, உடம்பு எடை ஏற்றும் பவுடர். 2,800 ரூபாய், அக்கா சீட்டுப் போட்டுச் சேர்த்த பணம்.

அன்று ராத்திரியே இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

உங்கள் பாடு எனக்குத் தெரியும். காலை ஐந்து மணிக்கு ஷட்டர் திறந்து ராத்திரி பத்துக்கு மூடுகிறீர்கள். வாடகை, கரன்ட் பில், துருப்பிடிக்கும் கேபிள், மூன்று மாதம் பணம் கட்டிவிட்டு மூன்றாம் வாரமே காணாமல் போகும் பையன்கள். அந்த மூன்றாம் வாரத்தைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

2005இல் எனக்குப் பதினெட்டு வயது, 49 கிலோ. ஜிம்மில் சேர்ந்த மூன்றாம் நாள் தோளில் கம்பியை வைத்து, இரண்டு பக்கமும் இரும்பு பிளேட் ஏற்றி, மொத்தம் 60 கிலோ ஆக்கினார் மாஸ்டர். "எடு தம்பி, பயந்தா உடம்பு ஏறாது" என்றார். உட்கார்ந்துவிட்டேன். எழும்போது இடுப்புக்குச் சற்று மேலே சுளீர் என்றது. கம்பியை இரண்டு பேர் தூக்கினார்கள், என்னை இரண்டு பேர் தூக்கினார்கள். ஆறு வாரம் படுக்கை. அதற்கப்புறம் பதினாறு வருடம் நான் எந்த ஜிம் வாசலையும் மிதிக்கவில்லை. அது எந்த ஜிம் என்று சொல்லப்போவதில்லை. அவர் கெட்டவர் இல்லை. அவருக்குக் கற்றுக்கொடுத்தவரும் அப்படித்தான் கற்றுக்கொடுத்திருப்பார்.

என் அப்பா சுமட்டுத் தொழிலாளி, மூட்டை தூக்குகிறவர். அவர்கள் கூட்டத்தில் புதிதாக ஒரு பையன் வந்தால் முதல் நாளே அரிசி மூட்டை கொடுக்க மாட்டார்கள். தவிட்டு மூட்டைதான். பெரிதாக இருக்கும், கனம் இருக்காது. எங்கே பிடிப்பது, மூட்டையை உடம்போடு எப்படி ஒட்டி வைப்பது, முதுகு வளையாமல் காலால் எப்படி எழுவது, எல்லாம் தவிட்டு மூட்டையில்தான் படிய வேண்டும். அது படிய ஒரு மாதம் ஆகும் என்பார் அப்பா. நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கிடந்தபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "தவிடு எதுவும் குடுக்கலையாடா?"

2021இல் கேரள அமைச்சரவை, சுமட்டுத் தொழிலாளி தூக்கக்கூடிய அதிகபட்ச எடையை 75 கிலோவிலிருந்து 55 ஆகக் குறைக்க முடிவு செய்தது. ஆயுசு முழுக்கச் சுமந்து பழகியவருக்கே 55 போதும் என்று முடிவெடுத்த ஊர் இது. மூன்றாம் நாள் பையன் தோளில் 60 வைத்ததை அதோடு சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

பதினாறு வருடம் கழித்து இதே வட்டாரத்தில் வேறொரு ஜிம்முக்குப் போனேன். மாஸ்டர் என்னைவிடச் சின்னவர், மலையாளி. முதல் இரண்டு வாரம் அவர் எனக்குக் கொடுத்தது கம்பி மட்டும்தான், 20 கிலோ. பிளேட் பக்கம் கையை நீட்டினால் "பதுக்கெ மதி" என்பார், மெதுவாகப் போதும் என்று. ஸ்குவாட், அதாவது கம்பியைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது, எடுக்கும்போது பக்கவாட்டில் உட்கார்ந்து என் குதிகாலையே பார்த்துக்கொண்டிருப்பார். குதிகால் தரையை விட்டு எழும்பினால் நிறுத்தச் சொல்வார். அப்புறம் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வரச் சொன்னார். தேதி, எடை, எத்தனை முறை என்று எழுத வேண்டும். அந்த நோட்டைப் பார்த்துத்தான் சொல்கிறேன், பதினொரு மாதத்தில் 70 கிலோ வைத்து ஐந்து முறை உட்கார்ந்து எழுந்தேன். இடுப்பில் வலி இல்லை.

முதல் ஆறு, எட்டு வாரத்தில் கூடும் பலத்தில் பெரும்பகுதி நரம்புகள் கற்றுக்கொள்வதால் வருவது. இருக்கிற தசை நார்களில் கூடுதலானவற்றை ஒரே நேரத்தில் இழுக்க மூளை பழகுகிறது. கண்ணுக்குத் தெரிகிற அளவு தசை பருக்க இரண்டு, மூன்று மாதமாவது ஆகும். இதைப் பையன்களிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். சொல்லாததால்தான் மூன்றாம் வாரம் கண்ணாடியைப் பார்த்துவிட்டு ஒன்றும் ஆகவில்லை என்று நின்றுவிடுகிறான். ஆகியிருக்கிறது. நோட்டு இருந்திருந்தால் காட்டியிருக்கலாம்.

அட்டவணைக்கு வருகிறேன். ஒரு நாளைக்கு ஒரு உறுப்பு என்று பிரிப்பது வருடக்கணக்கில் செய்து பழகியவர்களுக்கு ஒத்துவரும். புதியவனுக்கு வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் முழு உடம்பு, அது போதும். ஸ்குவாட், படுத்துத் தள்ளும் பெஞ்ச் பிரஸ், குனிந்து இழுக்கும் ரோ, தோளுக்கு மேல் தூக்கும் பிரஸ், தரையிலிருந்து தூக்கும் டெட்லிஃப்ட். இவற்றில் நாளுக்கு மூன்றோ நாலோ, ஒவ்வொன்றும் மூன்று செட், எட்டிலிருந்து பன்னிரண்டு முறை. இன்னும் இரண்டு எடுக்க முடியும் என்கிற இடத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். ஒரே அசைவை வாரத்தில் இரண்டு, மூன்று தடவை செய்தால்தான் கை பழகும். திங்கள்கிழமை கற்றதை அடுத்த திங்கள்வரை யார் நினைவில் வைத்திருப்பார்கள்?

உங்களிடம் காசு செலவு செய்யச் சொல்லிக் கேட்பது ஒன்றே ஒன்று: ஒன்னேகால் கிலோ பிளேட் இரண்டு ஜோடி வாங்கிப் போடுங்கள். நம் ஜிம்கள் பலவற்றில் இரண்டரைக்குக் கீழே பிளேட் கிடையாது. இரண்டு பக்கமும் இரண்டரை போட்டால் ஒரே தாவலில் ஐந்து கிலோ. ஸ்குவாட்டில் 60 எடுப்பவனுக்கு அது பன்னிரண்டில் ஒரு பங்கு, சமாளிப்பான். பெஞ்சில் 30 எடுப்பவனுக்கு ஆறில் ஒரு பங்கு. அவன் மாதக்கணக்கில் அங்கேயே நிற்பான், இல்லை என்றால் இடுப்பைத் தூக்கி வளைத்து எடுப்பான். நான் சொந்தமாக ஒரு ஜோடி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போகிறேன். என் பெஞ்ச் 30லிருந்து 50க்கு வந்தது அந்த ஒன்னேகாலால்தான்.

தெற்கத்தி ஊர்களில் கோயில் திடலில் இளவட்டக்கல் கிடக்கும், பார்த்திருப்பீர்கள். அதைத் தூக்கினவன்தான் ஆம்பளை என்பார்கள். ஆனால் அந்தக் கல்லுக்கு ஒரே எடை. உன்னால் முடியுமா என்று கேட்கும், முடியாதவனுக்கு வழி சொல்லாது. கையில் பிடித்துச் சுழற்றும் கர்லாக்கட்டையில் அப்படி இல்லை, சின்னதில் தொடங்கிப் பெரியதற்குப் போவார்கள். உங்கள் ஜிம் கர்லாக்கட்டை வழியில் போகட்டும்.

பவுடர் விஷயம் கொஞ்சம் கசப்பாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். மாஸ் கெய்னர் டப்பாவில் பெரும்பங்கு மால்டோடெக்ஸ்ட்ரின், அதாவது மாவுச்சத்து. நம் வீட்டுச் சோற்றில் இல்லாத மாவுச்சத்தா? தசை வளர்க்க நினைப்பவருக்கு உடம்பு எடையில் கிலோவுக்கு நாளைக்கு 1.6 கிராம் புரதம் போதும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. என் அக்கா மகனுக்கு 83 கிராம். நாலு முட்டையில் 24. முள் நீக்கிய மத்தி 150 கிராம் என்றால் 30. அரை லிட்டர் பாலில் 16. நம் மண்ணில் விளைகிற நிலக்கடலை 50 கிராமில் 12. இதுவே 82 வந்துவிட்டது, சோறும் பருப்பும் இன்னும் கணக்கில் வரவில்லை. மீன், முட்டை சாப்பிடாத வீட்டில் சோயாவும் பயறும் தயிரும் கூட்டிக்கொள்ளலாம். டப்பாவில் உங்களுக்கு லாபம் வருகிறது, தெரியும். அந்த வருமானத்துக்கு மாதக் கட்டணத்தை நூறு ரூபாய் ஏற்றிக்கொள்ளுங்கள், கொடுக்கிறோம்.

ஸ்டீராய்டு ஊசியைப் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். 'ஒரு கோர்ஸ் போட்டால் ஆறு வாரத்தில் வந்துவிடும்' என்ற பேச்சு உங்கள் கூரைக்குக் கீழே எழுந்தால், பேசினவரை அன்றைக்கே வெளியே அனுப்புங்கள். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் போனால் உடம்பு தன் சொந்தச் சுரப்பை நிறுத்திக்கொள்கிறது, விதைகள் சுருங்குகின்றன, இதயத் தசை தடிக்கிறது. வளரும் வயதுப் பையனுக்கு எலும்பின் வளர்முனை சீக்கிரமே மூடி உயரம் நின்றுபோகலாம். எடை தூக்கினால் பிள்ளை குள்ளமாகிவிடுவான் என்று அம்மாக்கள் உங்களிடம் வந்து கேட்பார்கள். முறையாகக் கற்றுக்கொண்டு தூக்கினால் உயரம் குறையாது என்று தைரியமாகச் சொல்லுங்கள். குறைப்பது அந்த ஊசி.

வெயிலையும் சொல்லாமல் விட முடியவில்லை. 2024 ஏப்ரலில் பாலக்காட்டில் வெப்ப அலை அடித்தது நினைவிருக்கும். தகரக் கூரைக்குக் கீழே, சாயங்காலம் நாலு மணிக்கு, முதல் வாரப் பையனிடம் இருபத்து நாலு செட் வாங்காதீர்கள். வழக்கத்துக்கு மீறின பயிற்சியில் தசை நார் சிதைந்து, அந்தக் கழிவு ரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். சிறுநீர் கட்டன்சாயா (பால் சேர்க்காத டீ) நிறத்தில் போனால் அது வெறும் உடம்புவலி இல்லை, உடனே ஆஸ்பத்திரி. இதை ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். தமிழிலும் மலையாளத்திலும்.

அப்புறம், அக்காவும் வர ஆசைப்படுகிறாள். நாற்பத்தைந்து வயது, மாடிப்படி ஏறினால் முழங்கால் பிடிக்கிறது. வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வேலை கொடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது பெரியவர்கள் எல்லோருக்கும்தான். காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை உங்கள் ஜிம் காலியாகத்தான் கிடக்கிறது. அந்த நேரத்தைப் பெண்களுக்கு ஒதுக்கினால் கொழிஞ்சாம்பாறையிலிருந்து மட்டும் பத்துப் பேரைக் கூட்டி வருவது என் பொறுப்பு.

அக்கா மகன் இந்த வாரம் முழுக்க ஓய்வில் இருக்கிறான். திங்கள்கிழமை காலை ஐந்தரைக்குத் திரும்ப வருவான். கையில் நாற்பது பக்க நோட்டு இருக்கும், முதல் பக்கத்தில் தேதியும் பெயரும் எழுதியாகிவிட்டது. பையில் என்னுடைய ஒன்னேகால் கிலோ ஜோடியும் இருக்கும். கூச்சக்காரன், வாய்விட்டுக் கேட்க மாட்டான். நீங்களே கூப்பிட்டு வெறும் கம்பியைக் கொடுங்கள், மாஸ்டர். பக்கவாட்டில் உட்கார்ந்து அவன் குதிகாலைப் பாருங்கள்.

அன்புடன்,
கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு சுமட்டுத் தொழிலாளியின் மகன்