உன் பதினோராவது ரெஃபரன்ஸ்

அன்புள்ள கண்ணா,

கட்டுரை திரும்பி வந்துவிட்டது என்று நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். ஆய்வில் குறை சொல்லவில்லை, ரெஃபரன்ஸ் பட்டியலை ஜர்னலின் முறைப்படி திருத்தி அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். "புள்ளிக்கும் கமாவுக்கும் இரண்டு வாரம் போகிறதம்மா, இது குமாஸ்தா வேலை" என்று எழுதியிருக்கிறாய். இருபத்திரண்டு வருஷம் பொறியியல் ஜர்னல்களுக்குக் காப்பி எடிட்டராக இருந்து அந்தப் புள்ளியையும் கமாவையும் பார்த்தவள் நான். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்றுதான் எழுதுகிறேன். நீ அனுப்பிய 38 ரெஃபரன்ஸையும் நேற்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

சுலபமானதை முதலில் முடித்துவிடலாம். உன் ஜர்னல் கேட்பது ஐ ட்ரிபிள் ஈ முறை, அதாவது மின், மின்னணுப் பொறியாளர் சங்கத்தின் முறை. நீ சிவில் துறை நண்பனின் கோப்பை மாதிரியாக வைத்துக்கொண்டாய் போலிருக்கிறது. ஏ.எஸ்.சி.இ. என்ற அமெரிக்க சிவில் பொறியாளர் சங்கத்தின் ஜர்னல்களில் ஆசிரியர் பெயரும் ஆண்டும் உரைக்குள்ளேயே வரும், பட்டியல் அகரவரிசையில் போகும். உன்னுடையதில் அப்படி இல்லை. கட்டுரையில் முதலில் குறிப்பிடுவது [1], அடுத்தது [2]. ஒரு கட்டுரை [3] ஆகிவிட்டால் கடைசிப் பக்கத்தில் மறுபடி வந்தாலும் அது [3]தான். வாக்கியம் முடியும் இடத்தில் எண்ணைப் போட்டு, அதற்குப் பின் முற்றுப்புள்ளி. பட்டியலில் பெயரின் முதலெழுத்துகள் முன்னால், குடும்பப் பெயர் பின்னால். கட்டுரைத் தலைப்பு மேற்கோள் குறிக்குள், ஜர்னல் பெயர் சாய்வெழுத்தில், சுருக்கமாக. சுருக்கத்தை நாமாக உண்டாக்கக் கூடாது, அதற்கு ஐ.எஸ்.ஓ. 4 என்று ஒரு தரமே இருக்கிறது. ஒற்றைச் சொல்லில் இருக்கும் பெயரைச் சுருக்குவதில்லை, அதனால் 'ஆட்டோமேட்டிகா' என்ற ஜர்னலின் பெயரை வெட்டாதே.

அப்புறம் எட் ஆல், 'மற்றும் பிறர்' என்று அர்த்தம். ஆறு பேர் வரை எல்லாருடைய பெயரையும் எழுத வேண்டும். அதற்கு மேல் போனால்தான் முதல் ஆசிரியரைப் போட்டு எட் ஆல். நீ மூன்று பேர் எழுதிய கட்டுரைக்கே எட் ஆல் போட்டு இரண்டு பேரை விட்டுவிட்டாய். அதைப் பார்த்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. உன் பெயரும் நாளைக்கு மூன்றாவதாக வரும் கட்டுரை ஒன்று இருக்கும்.

ரெஃபரன்ஸ் பட்டியலை அடுக்கித் தரும் பிப்டெக் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று நம்பியிருக்கிறாய். 1985-இல் வந்த கருவி, இன்றும் நன்றாகவே உழைக்கிறது. ஆனால் நீ கொடுத்ததைத்தான் அது அடுக்கும். ஆசிரியர்களுக்கு நடுவே 'ஆண்ட்' என்ற சொல்லைப் போடாமல் கமா போட்டால், நான்கு பேரை ஒரே ஆளின் பெயர் என்று எடுத்துக்கொண்டு குழம்பும். உன் பட்டியலில் 19-ஆவதில் அதுதான் நடந்திருக்கிறது. தலைப்பில் வரும் பெரிய எழுத்துகளை அது சிறிதாக்கிவிடுவதால் மிமோ போன்ற சுருக்கங்களும் பெயர்களும் சிதைகின்றன. அவற்றை நெளிவு அடைப்புக்குறிக்குள் வைத்தால் சரியாகிவிடும். கூகுள் ஸ்காலரில் இருந்து அப்படியே எடுத்து ஒட்டிய பதிவுகளில் மாதமும், கட்டுரையின் நிரந்தர இணைய அடையாள எண்ணான டி.ஓ.ஐ.யும் விட்டுப்போயிருக்கின்றன, அவற்றைத் தேடிச் சேர்.

இப்போது உன் பதினோராவது ரெஃபரன்ஸுக்கு வருகிறேன். நான் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

கிளாட் ஷானன், 1948, பெல் சிஸ்டம் டெக்னிக்கல் ஜர்னல், வால்யூம் 27, பக்கம் 379 முதல் 423 என்று போட்டிருக்கிறாய். அடைப்புக்குறி, கமா, சாய்வெழுத்து எல்லாம் சரி, எந்த மென்பொருளும் அதில் தவறு கண்டுபிடிக்காது. ஆனால் தகவல் கோட்பாட்டைத் தொடங்கிவைத்த அந்தக் கட்டுரை இரண்டு பகுதியாக வந்தது. ஜூலை இதழில் 379 முதல் 423 வரை, அக்டோபர் இதழில் 623 முதல் 656 வரை. நீ [11] என்று போட்ட இடத்தில் பேசுவது பேண்ட்வித்தையும் இரைச்சலையும் வைத்து, தகவல் செல்லும் சேனலின் கொள்ளளவைச் சொல்லும் சூத்திரத்தை. அது அக்டோபர் பகுதியில் 17-ஆவது தேற்றமாக வருகிறது. இரண்டு பகுதிக்கும் டி.ஓ.ஐ.யும் தனித்தனி. உன்னை நம்பி ஒரு மாணவி அந்த எண்ணைச் சொடுக்கினால் ஜூலை பகுதி திறக்கும், அவள் நாற்பத்தைந்து பக்கம் தேடியும் சூத்திரம் கிடைக்காது.

தலைப்பும் இடறுகிறது. 1948 கட்டுரையின் தலைப்பு ஆங்கிலத்தில் 'ஏ' என்று தொடங்கும். 1949-இல் வாரன் வீவருடன் சேர்த்துப் புத்தகமாக வந்தபோது அது 'தி' ஆனது. உன் பட்டியலில் தலைப்பு புத்தகத்துடையது, ஆண்டு ஜர்னலுடையது, பக்கம் முதல் பாதியுடையது. அப்படியானால் நீ அதைத் திறக்கவில்லை கண்ணா, வேறு யாரோ ஒருவருடைய பட்டியலில் இருந்து எடுத்திருக்கிறாய். திட்டுவதற்காகச் சொல்லவில்லை. இது எல்லாருக்கும் நடக்கிறது என்பதால்தான் கவலைப்படுகிறேன்.

இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். 1973-இல் வந்த புகழ்பெற்ற ஓர் இயற்பியல் கட்டுரையைக் குறிப்பிட்ட சுமார் 4,300 இடங்களை இரண்டு ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். 196 இடங்களில் எண்ணோ பக்கமோ பிழை. வெவ்வேறு பிழைகளை மட்டும் எண்ணினால் 45தான். ஒரே தவறான பக்க எண் 78 தடவை வந்திருந்தது. 78 பேரும் தனித்தனியாக அதே எண்ணில் தவறியிருக்க முடியுமா? ஒருவர் தவறினார், மற்றவர்கள் அவரிடமிருந்து பார்த்து எழுதினார்கள். மூலத்தைப் படித்துவிட்டுக் குறிப்பிடுவது ஐந்தில் ஒருவர்தான் இருக்கும் என்று அவர்கள் கணக்கிட்டார்கள்.

நானும் ஒரு தவறு செய்தேன், இன்னும் உறுத்துகிறது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், குடும்பப் பெயரை முன்னால் எழுதும் வழக்கமுள்ள ஓர் ஆசிரியரின் பெயரை, 'தவறாக இருக்கிறது' என்று நினைத்து நானே மாற்றிப்போட்டேன். மூலத்தைத் திறந்து பார்க்கவில்லை. அச்சான பிறகு அவர் எழுதினார்: அந்தப் பெயரில் நான் இல்லை, என் கட்டுரையோடு அது இணையவும் இல்லை. கோபமே இல்லாத கடிதம். அதற்குப் பிறகு பெயரை மூலத்தின் முதல் பக்கத்தில் பார்க்காமல் தொட்டதில்லை. ஆய்வாளர்களுக்கான அடையாள எண்ணான ஆர்சிட்டை நீ இன்னும் வாங்கவில்லை என்றால் உடனே வாங்கிவிடு. பதினாறு இலக்கம், செலவில்லை. உன் பெயரை எப்படி எழுதினாலும் அது உன்னிடம்தான் வந்து நிற்கும்.

மீதி கொஞ்சம்தான். ஆர்க்கைவ் தளத்தின் முன்பதிப்பு, அதாவது ஜர்னலில் வரும் முன் போடும் பிரதி, என்று போட்ட ஐந்தில் எவையெல்லாம் பிறகு ஜர்னலில் வந்தன என்று பார், வந்திருந்தால் அந்தப் பதிப்பைக் கொடு. ஏதாவது திரும்பப் பெறப்பட்டிருக்கிறதா என்றும் பார்த்துவிடு. 27-ஆவதை நான் எங்கே தேடியும் காணவில்லை. எழுத உதவும் செயலி ஏதாவது கொடுத்ததா? இல்லவே இல்லாத கட்டுரைக்குக்கூட அவை அழகான தலைப்பும் பக்க எண்ணும் கொடுத்துவிடும். டி.ஓ.ஐ. திறக்கவில்லை, ஜர்னலின் அந்த இதழிலும் இல்லை என்றால் அந்த வரியையே எடுத்துவிடு, அதைத் தாங்கி நின்ற வாக்கியத்தையும் மறுபடி யோசி.

பெயர், கமா, சுருக்கம் எல்லாவற்றையும் நான் குறித்து வைத்திருக்கிறேன், கோப்பை இன்றிரவு அனுப்புகிறேன். பதினோராவதை மட்டும் தொடவில்லை. அக்டோபர் இதழை நீயே திறந்து, 17-ஆவது தேற்றம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பார்த்து, உரையில் அந்தத் தேற்ற எண்ணையும் [11]-க்குள் சேர்த்து எழுது. ஐ ட்ரிபிள் ஈ முறையில் அதற்கு இடம் இருக்கிறது. பக்கத்தைக் கண்டுபிடித்ததும் எனக்கு ஒரு வரி அனுப்பு, எவ்வளவு நேரமானாலும் விழித்திருப்பேன்.

அன்புடன்,
அம்மா