தூக்கமின்மை: ஆதாரமுள்ள தகவல் தேவை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இரவு 2 மணிக்கு விழித்து, விடிய இன்னும் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்று கணக்குப் போட்டபடியே புரண்டு படுத்தவர்களுள் நானும் ஒருவன். அந்நேரத்தில் இணையத்தில் தேடினால் கண்ணில் படுபவை, ஒரே வாரத்தில் குணம் என்னும் விளம்பரங்கள்தாம். ஓரிரு நாள் உறக்கம் கெடுவது நோயன்று. வாரத்தில் 3 இரவுகளாவது, 3 மாதங்களுக்குக் குறையாமல், தூக்கம் பிடிக்காமலோ இடையில் கலைந்தோ போய்ப் பகல்பொழுதையும் பாதித்தால்தான் மருத்துவர்கள் அதை நாள்பட்ட தூக்கமின்மை என்கிறார்கள் என்பதையே வெகு தாமதமாகத்தான் அறிந்தேன்.

அதற்கு முதலில் அளிக்க வேண்டியது மாத்திரையன்று, எண்ணத்தையும் பழக்கத்தையும் சீர்செய்யும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையே என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி என்னும் மருத்துவர் அமைப்பு 2016-இல் பரிந்துரைத்தது. சுமார் 20 நிமிடங்களாகியும் தூக்கம் வராவிட்டால் படுக்கையை விட்டு எழுந்துவிடுவதும், இரவு எப்படிக் கழிந்தாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுவதும் அதன் பகுதிகள். கேட்பதற்கு எளிது, முதல் இரு வாரங்கள் படாதபாடுதான். குறட்டையோடு மூச்சுத் தடைபட்டு விழிப்பவருக்கோ சிக்கலே வேறு. அவர் மருத்துவரைக் கேளாமல் தூக்க மாத்திரை விழுங்குவது ஆபத்து.

தங்கள் நாளிதழின் மருத்துவக் கட்டுரைகளில், எழுதியவரின் தகுதி என்ன, எந்த ஆண்டின் வழிகாட்டுதலை ஆதாரமாகக் கொண்டார் என்பதை அடியில் ஒரு வரியாகவேனும் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்