"நாய்க்கு" என்று நீங்கள் கட்டித் தரும் பை

மதுரைக் கோழிக்கடை, கறிக்கடை அண்ணன்மாருக்கு,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் கடை முன்னால் நிற்கும் கூட்டத்தில் நானும் ஒருவன். வீட்டுக்கு அரைக்கிலோ வாங்கிவிட்டு, கடைசியில் "அண்ணே, நாய்க்கு ஏதாச்சும்..." என்று இழுப்பவன். நீங்களும் முகம் சுளிக்காமல் மேசைக்கு அடியிலிருந்து ஒரு கறுப்புப் பையை எடுத்துத் தருவீர்கள். சில நாள் இருபது ரூபாய், சில நாள் சும்மா. அந்தப் பையைப் பற்றித்தான் இந்த மடல்.

போன ஆடியில் அப்படி வாங்கி வந்ததில் பாதிக்கு மேல் தோலும் கொழுப்பும். அப்படியே குக்கரில் போட்டு வேகவைத்து, சோற்றில் பிசைந்து எங்கள் சிப்பிப்பாறை நாய்க்கு வைத்தேன். ராத்திரி முழுக்க வாந்தி. முதுகை வளைத்துக்கொண்டு படுக்கவும் முடியாமல் நின்றது. கணையம் வீங்கியிருக்கிறது, இவ்வளவு கொழுப்பை ஒரேயடியாக வைக்கலாமா என்று கேட்டார் மருத்துவர். சமைத்தது நான்தான், உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் பையில் என்ன இருக்கிறதென்று நானும் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை.

இப்போது அளந்து சமைக்கிறேன். எங்களுடையது 20 கிலோ எடை, வளர்ந்த நாய். நாளுக்கு எலும்பும் தோலும் இல்லாத கறி 300 கிராம், அதே அளவு சோறு, ஒரு கை கேரட் அல்லது பூசணி, சுண்டுவிரல் அளவு ஈரல். இரண்டு வேளையாகப் பிரித்து வைப்பேன். வெங்காயமும் பூண்டும் கிடையாது. இரண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். (புரோட்டாக் கடை மிச்சச் சால்னாவைப் பாசத்தோடு ஊற்றுகிறவர்களுக்கும் இது சேரட்டும்.)

கறியும் சோறும் போதும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கறியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் சொற்பம். அப்படியே மாதக்கணக்கில் போட்டால் உடம்பு தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவ ஆரம்பித்துவிடும். அதனால் முட்டை ஓட்டைக் கொதிக்கவைத்து, காயவைத்து, மிக்ஸியில் மாவாக அரைத்து நாளுக்கு அரை டீஸ்பூன் கலக்கிறேன். துத்தநாகம், அயோடின், வைட்டமின் டி போன்றவற்றுக்கு மருத்துவர் எழுதித் தந்த பொடி தனி. குட்டிகளுக்கு இந்தக் கணக்கு ஆகாது.

இனி உங்களிடம் கேட்பது. அந்தப் பையில் தோலையும் குடலையும் சேர்க்காதீர்கள். கழுத்தும் காலும் போட்டால், "எலும்பை வேகவச்சுப் போடாதீங்க" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். வெந்த எலும்பு சில்லுச் சில்லாக உடைந்து குடலைக் குத்தும். மத்தியானம் விற்காத ஈரலை மொத்தமாக நாய்க்காரன் தலையில் கட்டாதீர்கள். தினமும் அள்ளிப் போட்டால் வைட்டமின் ஏ உடம்பில் தேங்கிவிடும். அப்புறம், காலையில் வெட்டியதை மதியம் வரை மேசைக்கு அடியில் வைக்க வேண்டாம். சித்திரை வெயிலில் அந்தப் பை என்னவாகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இதெல்லாம் சும்மா வேண்டாம். துண்டுக்கறி, நெஞ்சு ஓரம், கொஞ்சம் இதயம் என்று தனியாகக் கட்டி ஒரு விலை போடுங்கள். சுவரொட்டிக்கு (ஆட்டு மண்ணீரலுக்கு) முன்கூட்டியே சொல்லிவைத்து வாங்குகிற ஊர் இது, நாய்க்குப் போடும் கறிக்கும் சொல்லிவைப்போம். வருகிற ஞாயிறு ஏழு மணிக்கு வந்து நிற்பேன், பாத்திரமும் நானே கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
கோ.புதூரிலிருந்து ஒரு வாடிக்கையாளர்