சாமானை குட்டியானையில் அனுப்பு, நீங்கள் மட்டும் காரில் வாருங்கள்

பண்ணைக்காடு,
ஐப்பசி, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மங்கைக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. சின்னவளுக்குக் கொடைக்கானலில் பேங்க் போஸ்டிங் என்று படித்ததும் அடுப்பில் இருந்த பாலைக்கூட மறந்துவிட்டு இவரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். இனி அவள் எனக்குப் பக்கத்து ஊர்க்காரி. ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு இங்கேதான், இப்போதே சொல்லிவை.

இங்கே மழை விட்டு விட்டுப் பெய்கிறது. காப்பிக் காய் சிவக்க ஆரம்பித்திருக்கிறது, கார்த்திகை பிறந்தால் பறிப்புதான். மிளகு இந்த வருஷம் சுமார். அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, இப்போது ஊசியில் நூல் கோக்கிறார்கள்.

உன் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். மெத்தை, கிரைண்டர், இரும்புக் கட்டில், இரண்டு சிப்பம் அரிசி, கேஸ் சிலிண்டர், எல்லாவற்றையும் டிக்கியிலும் கேரியரிலும் ஏற்றிக்கொண்டு மதுரையிலிருந்து ஐந்து பேரும் வந்துவிடுகிறோம் என்று எழுதியிருக்கிறாய். மங்கை, அப்படி வராதே. அண்ணனிடமும் சொல்.

முதலில் வண்டியின் ஆர்.சி. புக்கை எடுத்துப் பார். வெறும் வண்டியின் எடை ஒன்று போட்டிருக்கும். முழுப் பாரத்தோடு எவ்வளவு இருக்கலாம் என்பதும் அதிலேயோ, வண்டியோடு தந்த புத்தகத்திலோ இருக்கும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் வருவதுதான் உங்கள் வண்டி தாங்கும் சுமை. சின்னக் கார்களுக்குப் பெரும்பாலும் 400, 450 கிலோவுக்குள் நின்றுவிடும். அதில் ஆட்களும் சேர்த்தி. இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். நீங்கள் ஐந்து பேர் உட்கார்ந்தாலே 330 கிலோ ஆயிற்று. அரிசி 50. சிலிண்டர், 14.2 கிலோ கேஸும் இரும்புமாகக் கிட்டத்தட்ட 30. அதற்கு மேல் கட்டில், கிரைண்டர், பெட்டிகள். இதில் சிலிண்டரை ஆட்கள் உட்கார்ந்து வரும் காரில் ஏற்றவே கூடாது, கணக்கு சரியாக இருந்தாலும் கூடாது.

கேரியர் விஷயம் இன்னும் மோசம். பெரும்பாலான சின்னக் கார்களின் கூரை 50 முதல் 75 கிலோ வரைதான் தாங்கும், கேரியரின் எடையும் அதற்குள் அடங்க வேண்டும். தாங்குவது ஒரு பக்கம் இருக்கட்டும், உச்சியில் எடை ஏறினால் கொண்டை ஊசி வளைவில் வண்டி வெளிப்பக்கமாகச் சாய்கிறது. மேட்டில் திரும்பும்போது அந்தச் சாய்வு உள்ளே இருப்பவர்களுக்கே வயிற்றைப் புரட்டும். போன கோடையில் மலை ரோட்டில் டம்டம் பாறைக்குக் கீழே ஒரு கார், கூரையில் மெத்தையும் மேஜையும் கட்டி, வளைவில் கயிறு தளர்ந்து எல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்து நின்றதை நானே பார்த்தேன். நல்ல வேளை, பின்னால் பஸ் வரவில்லை.

எங்கள் அப்பாவை உனக்கு நினைவிருக்கும். மன்னவனூர் உருளைக்கிழங்கு ஏற்றி மதுரைக்கு லாரி ஓட்டினவர். எவ்வளவு அவசரமானாலும் கையில் ஒரு இரும்புக் கம்பியோடு லாரியைச் சுற்றி வந்து ஒவ்வொரு டயரையும் தட்டுவார். நல்ல காற்று இருந்தால் கம்பி துள்ளித் திரும்பும், ‘டங்’கென்று கேட்கும். இரட்டைச் சக்கரத்தில் உள்டயர் இறங்கியிருந்தால் சத்தம் ‘தொப்’பென்று அமுங்கிவிடும். அந்த ஒரு சத்தத்துக்காக லோடு முழுவதும் நின்றுவிடும், தரகர் எவ்வளவு கத்தினாலும் சரி. காருக்கு அப்படித் தட்டிப் பார்ப்பது சரிப்படாது, காற்றழுத்தம் காட்டும் கேஜ் வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஆனால் டயரைப் பார்க்காமல் மலை ஏறுவதில்லை என்ற பழக்கம் எனக்கு அவரிடமிருந்து வந்ததுதான்.

டயர் எப்படிக் கெடுகிறது தெரியுமா? காற்று குறைந்தாலும் சரி, சுமை கூடினாலும் சரி, நடப்பது ஒன்றே. பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் அளவுக்கு மேல் மடங்கி நிமிர்கிறது, அதனால் உள்ளே சூடு ஏறுகிறது, சூட்டில் ரப்பருக்கும் உள்ளே உள்ள நூலுக்கும் பிடி விடுகிறது. கடைசியில் வெடிப்பது ஒரு நொடியில் நடந்தாலும், அதற்கான வேலை பல மைல் முன்னாலேயே தொடங்கிவிடும். டயரின் பக்கத்தில் 165/80 ஆர்14 85 என்பதுபோல் எழுதியிருப்பார்கள். கடைசியில் வரும் 85 என்பது சுமைக் குறியீடு, ஒரு டயர் 515 கிலோ தாங்கும் என்று பொருள். அதுவும் உரிய காற்று இருந்தால்தான்.

டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஓரிருவர் போனால் எவ்வளவு காற்று, முழுப் பாரத்துக்கு எவ்வளவு என்று பல வண்டிகளில் தனித்தனியாகப் போட்டிருப்பார்கள், பாரம் ஏற்றினால் பின்டயருக்குக் கூடுதலாக. பங்க்கில் பையன் “முப்பத்தி ரெண்டு வச்சிரவா?” என்று எல்லா வண்டிக்கும் ஒரே எண்ணைக் கேட்பான். நீங்கள்தான் ஸ்டிக்கரைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

மதுரையில் அடித்த காற்று மேலே வந்ததும் குறைந்துவிடுமா என்று அண்ணன் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. ஐந்தாறு டிகிரி குளிர்ந்தால் டயரில் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ (கேஜில் காட்டும் காற்றழுத்த அளவு) குறையும். மதுரைப் பகலுக்கும் கொடைக்கானல் விடியற்காலைக்கும் 20, 25 டிகிரி வித்தியாசம் வரும், அந்தக் கணக்கில் 4 வரை இறங்க வேண்டும். ஆனால் கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கே வெளிக்காற்றின் அழுத்தமே மதுரையைவிட 3 பிஎஸ்ஐ அளவுக்குக் குறைவு, அதனால் கேஜ் அவ்வளவு கூட்டிக் காட்டும். ஆக ஒன்றை ஒன்று கிட்டத்தட்ட ஈடுகட்டிவிடும், பயப்பட வேண்டாம். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. ஓடி வந்த சூட்டில் கேஜ் நாலைந்து கூடுதலாகக் காட்டும், “அதிகமா இருக்கே” என்று காற்றை இறக்கிவிடுவார்கள். மறுநாள் ஆறின டயரில் காற்று போதாமல் இறக்கத்தில் போவார்கள். சூடான டயரிலிருந்து காற்றை இறக்கவே கூடாது. காலையில் வண்டி எடுக்கும் முன் பார்ப்பதுதான் கணக்கு.

நீங்கள் வாங்கியது பழைய வண்டி. ரிட்டயர்டு ஆள் வைத்திருந்தது, அதிகம் ஓடவில்லை, டயரில் பட்டன் (ரோட்டில் படும் ரப்பர் மேடு) அப்படியே இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். அதுதான் எனக்குக் கவலை. டயரின் பக்கத்தில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செய்தது. ஓடாவிட்டாலும் ரப்பர் கிழடாகும். பட்டன் அடியிலும் பக்கச் சுவரிலும் விரல் நகத்தால் வருடிப் பார், மயிரிழை வெடிப்பு தெரிந்தால் யோசிக்காமல் மாற்று. ஐந்தாறு வருஷம் தாண்டினால் தெரிந்தவரிடம் காட்டு, பத்து வருஷம் ஆனது பார்க்க எப்படி இருந்தாலும் வேண்டாம். பள்ளத்துக்குள் 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் சின்னச் சின்ன மேடு இருக்கும், பட்டன் அதற்குச் சமமாகத் தேய்ந்தால் டயர் முடிந்தது என்று அர்த்தம். எங்கள் ஐப்பசி மழைக்கு நான் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவேன்.

இரண்டு டயர் மட்டும் புதிதாகப் போடுவதானால் பின்னால் போடச் சொல். கடைக்காரர், இன்ஜின் இழுப்பது முன்சக்கரம், புதுசை முன்னால் போடுங்கள் என்பார். கேட்காதே. ஈர ரோட்டில் முன்டயர் வழுக்கினால் வண்டி நேராகப் போகப் பார்க்கும், வேகத்தைக் குறைத்தால் பிடி திரும்பக் கிடைக்க வாய்ப்புண்டு. பின்டயர் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும், நம்மைப் போன்றவர்களால் அதைப் பிடிக்க முடியாது.

ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்றும் பார்த்துவிடு. டிக்கி நிறையச் சாமான் இருந்தால், மழையில் ரோட்டோரம் அத்தனையும் இறக்கிவைத்துத்தான் அதை எடுக்க வேண்டும்.

கையோடு கொண்டுவரும் பைகளில் கனமானது டிக்கியில் அடியில், பின்சீட்டை ஒட்டி இருக்கட்டும். கடைசி ஓரத்தில் கனத்தை வைத்தால் முன்பக்கம் லேசாகும். மேட்டில் ஏற்கெனவே எடை பின்னால் சாய்கிறது. உங்கள் வண்டி முன்சக்கரம் இழுக்கும் வண்டி, ஈர வளைவில் அந்தச் சக்கரம் பிடியில்லாமல் நின்ற இடத்திலேயே சுற்றும். இரவானால் ஹெட்லைட் வேறு எதிரில் வருபவர் கண்ணில் அடிக்கும். சீட் உயரத்துக்கு மேல் எதையும் அடுக்காதே, பிரேக் போட்டால் தலையில்தான் வந்து விழும். முக்கியமாக, டிரைவர் காலடியில் தண்ணீர் பாட்டில் வேண்டாம். இறக்கத்தில் உருண்டு பிரேக்குக்கு அடியில் போய் நின்றுகொள்ளும்.

மற்ற சாமானுக்கு நான் வழி சொல்கிறேன். இங்கிருந்து மதுரை மாட்டுத்தாவணிச் சந்தைக்குக் காய்கறி கொண்டுபோகும் குட்டியானைகள், அதாவது சின்ன லோடு வண்டிகள், திரும்பும்போது பெரும்பாலும் வெறுமனேதான் ஏறி வருகின்றன. எங்கள் தெருப் பையன் ஒருவன் வாரம் மூன்று நாள் போகிறான். முன்னாலேயே சொன்னால் உன் வீட்டு வாசலில் ஏற்றி, சின்னவள் வீட்டு வாசலில் இறக்கிவிடுவான், வாடகை பேசித் தருகிறேன். சிலிண்டரைத் தூக்க வேண்டாம், அங்கேயே ஒப்படைத்துவிட்டு இங்கே கனெக்‌ஷன் மாற்றிக்கொள்ளச் சொல்.

திரும்பும்போது வண்டி காலி என்று வாழைத்தாராக ஏற்றுவாய், எனக்குத் தெரியும். இரண்டு தாருக்கு மேல் தரமாட்டேன். இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே வரச் சொல் அண்ணனை, நியூட்ரல் பக்கமே போகக் கூடாது. பிரேக்கில் காலை வைத்தபடியே வந்தால் ஊத்து என்கிற ஊரைத் தாண்டுவதற்குள் கருகின வாசனை வந்துவிடும். வந்தால் ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள். ஏறி வரும் வண்டிக்கு வழி விடுவது நம் கடமை, அது சட்டமும்கூட.

கொடைக்கானலுக்கு வர இ-பாஸ் எடுக்க மறக்காதே, 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிக்கு அது வேண்டும்.

அந்த நான்கு இலக்கத்தை ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்து டயரிலும் பார்த்து எனக்கு எழுது, போனில் சொன்னாலும் சரி. சாமான் ஏற்றும் தேதியையும் சொல், பையனிடம் பேசி வைக்கிறேன்.

அன்புடன்,
உன் செல்வி