கூத்துக்கு நடுவே இரண்டு விநாடி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய கேசட்டுகளைச் சிடிக்கு மாற்றிக்கொள்வது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, பாட்டு பாட்டாக வெட்டி, எம்பி3 ஆக்கி, சிடியில் ரைட் செய்துகொள்ளலாம் என்று அதில் இருந்தது. சினிமாப் பாட்டு கேட்கிறவர்களுக்கு அது போதும். எங்கள் பக்கத்துக் கூத்துக்குப் போதாது. சூடு பட்டுத் தெரிந்துகொண்டவன் என்பதால் எழுதுகிறேன்.

பாலக்கோட்டில் பத்தொன்பது வருஷம் ரெக்கார்டிங் கடை வைத்திருந்தேன். திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும் மாதங்களில் பகலில் கடை, ராத்திரியில் கூத்து மேடையோரம் கேசட்டில் பதிவு செய்யும் டெக் இரண்டோடு உட்கார்ந்திருப்பேன். இரண்டு எதற்கென்றால், ஒன்றில் நாடா தீரப்போகிறது என்னும்போதே இன்னொன்றை ஓடவிட வேண்டும். கேசட் பக்கம் மாற்றும் நேரத்தில் பாடாமல் காத்திருங்கள் என்று துரியோதனனிடம் சொல்ல முடியாது.

2003-ல் மாரண்டஅள்ளிப் பக்கத்துக் கூத்து வாத்தியார் ஒருவர் பதினேழாம் நாள் போர், கர்ணன் விழும் ராத்திரியைச் சிடியாகக் கேட்டார். பையன்களுக்குப் பாடம் சொல்லித்தர, வேண்டிய இடத்துக்கு உடனே போக வேண்டுமாம். கேசட்டில் தேடித் தேடி அவருக்குச் சலித்துவிட்டது. நானும் தாளமில்லாமல் பாடும் விருத்தம் ஒரு ட்ராக், தாளத்தோடு பாடும் தரு ஒரு ட்ராக் என்று வெட்டி, ஏழு சிடியில் போட்டுக் கொடுத்தேன். மூன்றாம் நாள் திரும்பி வந்தார்.

“தம்பி, என் கர்ணன் அம்பு பட்டுத்தானே விழுவான்? உன் கர்ணனுக்கு இழுப்பு நோய் வந்திருக்குதே!”

போட்டுக் கேட்டேன். வெட்கமாகப் போய்விட்டது. கூத்தில் மௌனம் என்று ஓர் இடம் கிடையாது. பாடுகிறவர் கடைசி அடியை விடும்போதே பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்கிக்கொள்வார்கள். அவர்கள் முடிப்பதற்குள் முகவீணை, அதாவது சின்ன நாயனம் மாதிரி ஊதும் கருவி, எடுத்துக்கொள்ளும். அடியில் ஆர்மோனியம் சுருதி இழுத்துக்கொண்டே இருக்கும். அந்தச் சுருதி ஒவ்வொரு ட்ராக்கின் முடிவிலும் அறுந்து, இரண்டு விநாடி கிணற்றுக்குள் விழுந்த மாதிரி அமைதி, பிறகு பாதித் தாளத்தில் மறுபடி ஆரம்பம்.

காரணம் ரைட் செய்யும் முறை. ‘ட்ராக் அட் ஒன்ஸ்’ என்ற முறையில் ஒவ்வொரு ட்ராக் முடிந்ததும் லேசர் அணைந்து, அடுத்ததற்கு மறுபடி எரியும். நடுவில் இரண்டு விநாடி இடைவெளி விழுந்துவிடும். ‘டிஸ்க் அட் ஒன்ஸ்’ முறையில் முதலிலிருந்து கடைசி வரை லேசர் நிற்காது. சிடி ரைட் செய்யும் நீரோ மென்பொருளில் அதைத் தேர்ந்தெடுத்து, இரண்டாம் ட்ராக்கிலிருந்து இடைவெளியைச் சுழியமாக்க வேண்டும். முதல் ட்ராக்குக்கு முந்திய இரண்டு விநாடியை விட்டுவிடலாம். அது சிடியின் சட்டம், அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. விண்டோஸ் மீடியா ப்ளேயரிலும் இடைவெளியில்லாமல் ரைட் செய்ய ஒரு டிக் பெட்டி உண்டு.

அப்படியே மறுபடி போட்டேன். அமைதி போயிற்று. ஆனால் ட்ராக் மாறும் இடமெல்லாம் ‘டிக்’ என்று ஒரு சத்தம். இதுதான் என்னை ஒரு வாரம் தூங்கவிடாதது. ஆடியோ சிடி ஒரு விநாடி ஒலியை பிரேம் என்னும் 75 துண்டாக வைத்துக்கொள்கிறது. ஒரு துண்டுக்கு 588 சாம்பிள், அதாவது ஒலியின் 588 அளவுப் புள்ளிகள். நான் காதுக்குத் தோன்றிய இடத்தில் வெட்டியதால் கடைசித் துண்டு பாதியில் நின்றது; மிச்சத்தை மென்பொருள் வெறும் மௌனத்தால் நிரப்பியது. ஒரு விநாடியில் 75-இல் ஒரு பங்குகூட வராத மௌனம்தான், ஆனால் இழுத்துப் பிடித்த முகவீணையில் அது முள் மாதிரி குத்தும். ஒலியை வெட்டி ஒட்டும் ஆடாசிட்டி மென்பொருளில் நேரக் கணக்கை 75 சிடி பிரேமுக்கு மாற்றி, வெட்டும் இடம் துண்டின் எல்லைக் கோட்டிலேயே ஒட்டும்படி வைத்தால் டிக் வராது. எனக்கு இதைச் சொல்லித்தர ஆள் இல்லை. பெங்களூரில் வேலை பார்த்த மச்சான் மகன் போனில் சொன்னதை வைத்துத் தடவித் தடவிக் கண்டுபிடித்தேன்.

கட்டுரையில் சொன்ன எம்பி3-யோ இன்னும் மோசம். அது ஒலியை 1152 சாம்பிள் கொண்ட கட்டுகளாகக் கட்டுவது. கட்டும்போது முன்னும் பின்னும் கொஞ்சம் மௌனத்தைத் தானாகச் சேர்த்துவிடும். வெட்டிய பிறகு எம்பி3 ஆக்கி, அதைத் திரும்பச் சிடியில் ஏற்றினால், இடைவெளியைச் சுழியமாக வைத்தும் ஒட்டுப் போட்டது தெரியும். ஒலியைச் சுருக்காத வேவ் கோப்பாகவே வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 600 எம்பிக்கு மேல் பிடிக்கும். அன்றைக்கு அது பெரிய செலவு, ஹார்ட் டிஸ்க்கில் இடம் பண்ண நான் கல்யாணக் கேசட்டுகளை அழித்த காலம். இன்றைக்கு ஒரு பென் டிரைவ் தாங்கும்.

மூன்றாம் தடவை கொடுத்த சிடிகளை வாத்தியார் கடையிலேயே உட்கார்ந்து கேட்டார். பாட்டைக் கேட்கவில்லை, டிஸ்ப்ளேயில் ட்ராக் எண் மாறுவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். நாலிலிருந்து ஐந்துக்கு மாறியபோது முகவீணை ஒரே மூச்சில் ஓடியது. டீ சொல்லச் சொன்னார். மூன்று தடவை எரித்த சிடிக்கு ஒரு தடவைக் காசுதான் வாங்கினேன்.

அவர் இப்போது இல்லை. சென்ற தை மாதம் அவருடைய பேரன் அதே ஏழு சிடியோடு வந்தான். போட்டுக் கேட்க வீட்டில் பிளேயர் இல்லை, போனில் ஏற்றித் தாருங்கள் என்றான். ட்ராக் ட்ராக்காக எடுத்து ஏற்றினேன். அவன் போனில் இருந்த ஆப் ஒவ்வொரு ட்ராக்குக்கும் நடுவே நின்று நின்று ஓடியது. கர்ணனுக்குப் பழைய இழுப்பு. இடைவெளியில்லாமல் ஓட்டும் வேறோர் ஆப்பை இறக்கிக் கொடுத்த பிறகுதான் சரியாயிற்று. கட்டுரையாளர் அடுத்த பகுதி எழுதினால் போனுக்கும் ஒரு வரி சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
முன்னாள் ரெக்கார்டிங் கடைக்காரர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.