பகையாளி வீட்டு மாப்பிள்ளை

கொலம்பஸ், ஒஹாயோ
25 ஜனவரி 2024, வியாழன் இரவு

அன்புள்ள மதிக்கு,

அம்மா எழுதுகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நேற்று ராத்திரி "உங்க கோச் கிளம்பிட்டாராமே" என்று நான் வாயைத் திறந்ததுமே "அம்மா, லேப்ல இருக்கேன்" என்று வைத்துவிட்டாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாதே.

ஜனவரி 8ஆம் தேதி அமெரிக்கக் காலேஜ் ஃபுட்பால் இறுதி ஆட்டத்தில் வாஷிங்டனை 34-13 என்று அடித்துக் கோப்பையை வாங்கினார்கள், நம் ஒஹாயோ ஸ்டேட்டின் பரம்பரைப் பகையாளியான உன் மிச்சிகன் யூனிவர்சிட்டிக்காரர்கள். 24ஆம் தேதி உங்கள் ஹெட் கோச் ஜிம் ஹார்பா சார்ஜர்ஸ் என்கிற தொழில்முறை டீமுக்குப் போகிறார் என்று செய்தி. எண்ணிப் பார்த்தேன், சரியாகப் பதினாறாம் நாள். நம் ஊரில் பதினாறாம் நாள் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியும். எதிர்வீட்டுப் பெரியவருக்கு இதை விளக்கிச் சொன்னேன். மனுஷர் நம் வீட்டுப் படியிலேயே உட்கார்ந்து சிரித்தார். எண்பத்திரண்டு வயதாகிறது, சிரித்தால் இருமல் வந்துவிடுகிறது. வெந்நீர் கொடுத்து அனுப்பினேன்.

இன்றைக்கு மருந்துக்கடையில் வேறு பேச்சே கிடையாது. பிரஷர் மாத்திரைக்கு வந்தவர், இன்சுலினுக்கு வந்தவர், எல்லாரும் பிறந்த தேதியைச் சொல்வதற்கு முன்னால் "மிச்சிகனுக்கு அடுத்து யாராம்?" என்றுதான் கேட்கிறார்கள். நம் டீமுக்கு யார் வருவார் என்றால்கூட இத்தனை அக்கறை இருக்காது. முக்கால்வாசிப் பேர் ஹார்பாவின் உதவியாளர் ஷெரோன் மூர் என்கிறார்கள். அவர் வரட்டும், அதுதான் நமக்கு நல்லது என்கிறார்கள். வயது 37தானாம், ஹெட் கோச்சாக முழு சீசன் நடத்தியதே இல்லையாம், போன நவம்பரில் பென் ஸ்டேட்டை ஜெயித்த கையோடு டிவியில் தேம்பித் தேம்பி அழுதவராம். டிஃபென்ஸைப் பார்க்கிற ஜெஸ்ஸி மின்ட்டரும் ஹார்பாவோடு மூட்டை கட்டிவிடுவார் என்று ஒருவர் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். இன்னொருவர் போனில் ஒரு தனி விமானத்தைக் காட்டி, இது எங்கே இறங்குகிறது என்று பார்த்தால் புது கோச் யாரென்று சொல்லிவிடலாம் என்றார். வரிசையில் அவருக்குப் பின்னால் ஏழு பேர்.

கோச் போனால் பிள்ளைகளுக்கு முப்பது நாள் கதவு திறக்கும், வேறு காலேஜுக்குப் போகலாம். அதனால் இது வெறும் வாய்ப்பேச்சும் இல்லை. இந்த மாதம் அலபாமாவில் கோச் நிக் சபன் ஓய்வு பெற்றார், அடுத்த பத்து நாளுக்குள் அங்கே ஆடிய கேலெப் டவுன்ஸ் நம் பக்கம் வந்துவிட்டான். அந்த ருசி கண்டுவிட்டார்கள். இப்போது உன் ஊர்க் கதவையும் எட்டி எட்டிப் பார்க்கிறார்கள்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு மாத்திரை எண்ணும்போது எனக்குப் பாளையங்கோட்டைப் பெரியம்மா ஞாபகம் வந்தாள். எங்கள் வீட்டுக்கும் எதிர்வீட்டுக்கும் ஒரு வாய்க்கால் தகராறு, மூன்று தலைமுறையாக. எதிர்வீட்டில் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தால் போதும், பெரியம்மா திண்ணையை விட்டு எழுந்திருக்கவே மாட்டாள். "பையன் குடிப்பானாம். வேலை நிரந்தரமில்லையாம். அவங்க அம்மா ஒரு மாதிரியாம்." யார் சொன்னது என்று கேட்டால் "எல்லாரும்தான் சொல்லுதாக" என்பாள். அந்தப் பையனை அவள் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டாள். அவள் மனசில் என்ன ஆசை இருந்ததோ அது வாயில் செய்தியாக வரும். கடைசியில் வந்த மாப்பிள்ளை தங்கமான பையன், பெரியம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் என்றபோது ஆட்டோ பிடித்துக் கூட்டிப்போனதே அவன்தான்.

நானும் இந்தக் கொலம்பஸ் திண்ணையில் உட்கார்ந்து நிறையச் சொல்லியிருக்கிறேன், மதி. எல்லாமே தப்பு. கணக்கு வைத்திருக்கிறேன்.

2007இல் மிச்சிகன் கோச் லாயிட் கார் ஓய்வு பெற்றபோது உனக்கு ஒன்பது வயது. டிசம்பர் 1, சனிக்கிழமை காலை. அப்பா டூட்டிக்குப் போய்விட்டார், நான் டிவி முன்னால் துணி மடித்துக்கொண்டிருந்தேன். எல்எஸ்யூ காலேஜின் கோச் லெஸ் மைல்ஸ்தான் மிச்சிகனுக்கு வரப்போகிறார் என்று கிர்க் ஹெர்ப்ஸ்ட்ரீட் சொன்னார். அவர் நம் ஊர் ஆள், ஒஹாயோ ஸ்டேட்டில் குவார்ட்டர்பேக்காக ஆடியவர், அதனால் நம்பிவிட்டேன். எனக்கு அடிவயிறு கலங்கியது. மைல்ஸ் மிச்சிகனில் பழைய கோச் போ ஷெம்பெக்லரிடம் ஆடி வளர்ந்தவர், வந்தால் நம்மைச் சும்மா விட மாட்டார். பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் வேண்டிக்கொண்டேன், இந்த ஆள் அங்கேயே இருக்கட்டும் என்று. கொஞ்ச நேரத்தில் மைல்ஸ் பத்திரிகைக்காரர்கள் முன்னால் வந்து, நான் எங்கும் போகவில்லை என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டுப் போனார். உடைத்தேன் தேங்காயை. அங்கேயே இருந்த மைல்ஸ் அடுத்த மாதம், ஜனவரி 7ஆம் தேதி, நியூ ஆர்லியன்ஸில் நம்மை 38-24 என்று தோற்கடித்துக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனார். பிள்ளையாரைக் குற்றம் சொல்ல முடியாது, நான் கேட்டதைத்தானே கொடுத்தார்.

மிச்சிகனுக்கு ரிச் ராட்ரிகஸ் வந்தார். மைதானம் முழுக்க ஆட்களைப் பரப்பி ஆடும் அவருடைய ஸ்ப்ரெட் ஆட்டத்தைப் பார்த்து, இனி நாம் தொலைந்தோம் என்று கோயில் சமையலறையில் சாம்பார் கிளறிக்கொண்டே சொன்னவள் நான்தான். முதல் வருஷமே 3 ஜெயிப்பு, 9 தோல்வி. மூன்று வருஷத்தில் நம்மை ஒரு தடவைகூட ஜெயிக்காமல் போனார்.

2011 ஜனவரியில் பிரேடி ஹோக். "யார் இது?" என்று கொலம்பஸே சிரித்தது, நானும்தான். நம் பெயரைச் சொல்லக்கூட மாட்டார் அந்த மனுஷர், "ஒஹாயோ" என்று பாதியோடு நிறுத்திக்கொள்வார். அந்த நவம்பரிலேயே 40-34 என்று நம்மைச் சாய்த்தார். அப்புறம் ஒவ்வொரு வருஷமும் படி இறங்கி, 2014இல் 5 ஜெயிப்பு, 7 தோல்வி என்று முடித்துவிட்டு அவரும் போனார்.

அந்த டிசம்பர் உனக்கு ஞாபகம் இருக்கும், உனக்குப் பதினாறு. ஹார்பா வருவாரா மாட்டாரா என்று மாதம் முழுக்க ஓடியது. தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் சூப்பர் பௌல் இறுதி ஆட்டம் வரைக்கும் போனவர் காலேஜுக்கு எதற்கு வருகிறார் என்று நான் அடித்துப் பேசினேன். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. "அவன் பிறந்தது டொலீடோவில், அம்மா. எங்களுக்குப் பெரிய தொல்லை எல்லாம் ஒஹாயோவில் பிறந்ததுதான்" என்றார். ஷெம்பெக்லர் பார்பர்ட்டனில் பிறந்தவர், மைல்ஸ் இலீரியா, ஹோக் டேட்டன் பக்கம். நம் பழைய கோச் உடி ஹேய்ஸுக்கு உதவியாளராக இருந்து தொழில் கற்ற ஷெம்பெக்லர்தான், 1969இல் மிச்சிகனுக்குப் போன முதல் வருஷமே 24-12 என்று குருவையே கவிழ்த்தார். அதற்கு முன் நாம் தொடர்ந்து 22 ஆட்டம் ஜெயித்திருந்தோமாம். அந்தக் கதையைச் சொல்லும்போது பெரியவருக்கு இன்னும் குரல் இறங்கிவிடுகிறது.

டிசம்பர் 30, ஹார்பா வந்தே விட்டார். இனி அவ்வளவுதான் என்றேன். 2015 முதல் 2019 வரை ஐந்து தடவையும் நாம்தான் ஜெயித்தோம். 2018இல் 62-39! சரி, இந்த ஆளைப் பார்த்தா பயந்தோம் என்று நான் ஓய்ந்து உட்கார்ந்த பிறகுதான் 2021, 2022, 2023 என்று மூன்று வருஷம் வரிசையாகக் கொடுத்தார் பார்.

நீ மிச்சிகனில் படிக்க ஆன் ஆர்பருக்குப் போனது 2020இல். அந்த வருஷம் கொரோனாவால் ஆட்டமே நடக்கவில்லை. அதற்குப் பிறகு நாம் ஜெயிக்கவே இல்லை. உன் ராசி என்று அப்பா சொல்கிறார், நான் சொல்லவில்லை.

இப்போது மூர். சின்னப் பையன், அழுமூஞ்சி என்று சிரிக்கிற இந்தச் சனங்கள் ஒன்றை மறந்துவிட்டார்கள். போன நவம்பர் 25ஆம் தேதி ஹார்பா தடையில் வீட்டில் உட்கார்ந்திருந்தார். 30-24 என்று நம்மை ஜெயித்தபோது மைதானத்தின் ஓரத்தில் நின்று நடத்தியவர் இந்த மூர்தான். நீ அந்த லட்சத்துச் சொச்சம் கூட்டத்துக்குள் நின்றுகொண்டு எனக்கு வீடியோ கால் போட்டாயே, இரைச்சலில் உன் வாய் மட்டும் அசைந்தது. பென் ஸ்டேட் ஆட்டத்தில் 32 தடவை தொடர்ந்து பந்தை ஓடவே வைத்தவர், கணக்கில் ஒரு பாஸ்கூட இல்லாமல். அந்த நெஞ்சழுத்தம் உள்ளவன் அழுதால் என்ன, சிரித்தால் என்ன? அதனால் என் கணிப்பு, மூர்தான் வருவார், வந்தால் நமக்கு நல்லதில்லை. என் கணிப்பின் லட்சணம்தான் மேலே எழுதியிருக்கிறேனே, நீ சந்தோஷப்பட்டுக்கொள்ளாதே.

இன்னொன்று. நாம் இந்த ஊருக்கு வந்த முதல் குளிர்காலம், 2001 ஜனவரி 2ஆம் தேதி, ஒஹாயோ ஸ்டேட் கோச் ஜான் கூப்பரை வேலையை விட்டு அனுப்பினார்கள். இங்கே 111 ஆட்டம் ஜெயித்தவர். பதின்மூன்று வருஷத்தில் மிச்சிகனை இரண்டே தடவைதான் ஜெயித்தார், அந்தக் குறையை மற்ற எதுவும் மறைக்கவில்லை. இப்படியும் ஒரு ஊரா என்று நினைத்தேன். அவருக்குப் பதிலாக யங்ஸ்டவுன் ஸ்டேட்டிலிருந்து ஜிம் டிரெசல் வந்தார். பாஸ்கெட்பால் ஆட்டத்துக்கு நடுவில் மைக்கைப் பிடித்து, இன்னும் 310 நாளில் ஆன் ஆர்பரில் நம் பிள்ளைகளை நினைத்துப் பெருமைப்படுவீர்கள் என்று சொன்னார். நவம்பரில் 26-20 என்று செய்தும் காட்டினார். நாளைக் கணக்கிட்டுச் சொன்ன அந்த இடத்தில்தான் நான் இந்த ஆட்டத்துக்குள் விழுந்தேன். ஊரில் என் அம்மாவுக்கு எழுதிய கடிதத்தில்கூட அதை எழுதினேன், அவள் ஒன்றும் புரியாமல் "பத்திரமாக இரு" என்று பதில் போட்டாள்.

இன்று ராத்திரி காலண்டரை எடுத்து நவம்பர் 30 வரை எண்ணினேன். இந்த வருஷ ஆட்டம் அன்றைக்குத்தான், இங்கே கொலம்பஸில். 310 வந்தது. நம்பாமல் பென்சிலால் புள்ளி வைத்து மறுபடி எண்ணினேன். 310தான். நம் கோச் ரையன் டே இதை எண்ணியிருப்பாரா தெரியாது. 56 ஜெயித்து 8 தோற்றவர், அதில் மூன்று உன் ஊரிடம். அவர் தூங்குவாரா என்ன.

26, வெள்ளி இரவு

நேற்று தூக்கம் வந்து நிறுத்திவிட்டேன். இன்று அறிவித்துவிட்டார்கள், மூர்தான். மிச்சிகனுக்கு முதல் கறுப்பின ஹெட் கோச்சாம். இருபத்துமூன்று வருஷத்தில் முதல் தடவையாக என் வாக்கு பலித்திருக்கிறது, இதைச் சொல்லிக்கொள்ள ஆள் இல்லை, கடையில் எல்லாரும் "நல்லதாப் போச்சு" என்று குதிக்கிறார்கள். பெரியவர் மட்டும் போன் செய்து, "எனக்குப் பிடிக்கவில்லை, அவன் ஏற்கெனவே நம்மை ஜெயித்தவன்" என்றார்.

சரி, இதை எழுத வந்த காரணத்தையும் எழுதிவிடுகிறேன். மிச்சிகனில் நோவை என்கிற ஊரில் இருக்கும் அத்தை போன வாரம் போன் பண்ணினாள். நீ படிப்பு முடிந்ததும் கலிஃபோர்னியா போகிறாயாம், அங்கே ஏதோ இன்டர்வியூவாம், அங்கே ஒரு பையனும் இருக்கிறானாம். யார் சொன்னது என்று கேட்டேன். எல்லாரும்தான் என்றாள். வைத்த பிறகு நான் என்ன செய்தேன் தெரியுமா? வாட்ஸப்பில் நீ கடைசியாக எப்போது வந்தாய் என்று பார்த்தேன். ராத்திரி இரண்டரை. கலிஃபோர்னியாவில் அப்போது பதினொன்றரை என்று கணக்குப் போட்டேன். விமானத்தைக் காட்டினாரே அந்த மனுஷர், அவரைப் பார்த்து நான் சிரித்தேன் பார்.

நீ இங்கே பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது என் ஆசை, 23ஆம் நம்பர் ரோட்டில் மூன்றே மணி நேரம் என்கிற தூரத்தில். அத்தையிடம் கேட்டது தப்புதான். உன்னிடமே கேட்கிறேன், போகிறாயா? போவதென்றால் எப்போது? பையன் விஷயம் நீயாகச் சொல்லும் வரை நான் கேட்கவில்லை. (குடிக்க மாட்டான் இல்லையா?)

பரணில் உன் மூன்றாம் வகுப்பு டிபன் பாக்ஸ் கிடைத்தது. நவம்பர் மாதம் ஒஹாயோ ஸ்டேட் கேம்பஸில், மிச்சிகனின் முதல் எழுத்து என்பதால் எம் எழுத்துகளின் மேல் சிவப்பு நாடாவால் குறுக்கே அடிப்பதைப் பார்த்துவிட்டு வந்து, மூடியில் உன் பெயரின் முதல் எழுத்தை நீயே சிவப்பு மார்க்கரால் அடித்து வைத்தாயே, அதேதான். மஞ்சள் கறைகூடப் போய்விட்டது, அந்த எக்ஸ் போகவில்லை. அதில்தான் பருப்புப் பொடி போட்டு அனுப்பியிருக்கிறேன். உன் லேபில் யாரும் பார்க்காமல் வைத்துக்கொள்.

நவம்பர் 30க்கு வந்துவிடு. மிச்சிகன் நீல ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்தாலும் பரவாயில்லை, பெரியவர் வீட்டைத் தாண்டும்போது மட்டும் மேலே கோட்டை மாட்டிக்கொள். கலிஃபோர்னியாவிலிருந்து வருவதாக இருந்தால் டிக்கெட் இப்போதே போட வேண்டும், சொல்.

அன்புடன்,
அம்மா